வளர்ப்புப் பாம்புக்கு வாரம் ஒரு எலி சரியா? வயது ஏற ஏற இரையை ஏன் குறைக்கணும்? விரிவான அலசல்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரக்கூலி கைக்கு வந்ததும் கறிக்கடையும் பரோட்டா கடையும் களைகட்டிவிடும். என் பள்ளித் தோழன் ஒருவன் அங்கே நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். தன் சனிக்கிழமைக் கணக்கில் இன்னொரு ஜீவனையும் சேர்த்து வைத்திருந்தான். வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பால் பைத்தான். "நமக்குக் கறி எடுக்கிற அன்னைக்கு அதுக்கும் ஒரு எலிடா" என்பது அவன் வைத்திருந்த சட்டம்.

குட்டியாக வந்தபோது ஆரம்பித்த பழக்கம் அது. ஐந்து வருடமாக ஒரு சனிக்கிழமைகூடத் தப்பவில்லை. எலியின் அளவு மட்டும் பாம்போடு சேர்ந்து பெரிசாகிக்கொண்டே போனது. போன தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன். சுருண்டு படுத்திருந்த பாம்பின் பக்கவாட்டில் தோல் மடிப்பு மடிப்பாக விழுந்திருந்தது. "எப்படி வளர்த்திருக்கேன் பாரு" என்றான். எனக்கும் அப்போது விவரம் தெரியாது. நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பிறகு படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, அது நல்லா இல்லை. அந்த மடிப்புகள் கொழுப்பு. வீட்டில் வளரும் பாம்புகளுக்கு வரும் உடல்நலச் சிக்கல்களில் முக்கியமான ஒன்று, குட்டிக்குப் போட்ட அதே கணக்கில் பெரிய பாம்புக்கும் இரை போடுவது. அப்படியென்றால் எந்த வயதில் எத்தனை நாளைக்கு ஒருமுறை? முதலில் இந்தப் பாம்பை நம் ஊரில் வளர்க்கவே சட்டம் அனுமதிக்கிறதா? இரண்டையும் சேர்த்தே பார்க்கணும். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

பாம்பின் பசி எப்படி வேலை செய்கிறது?

நமக்கு மூன்று வேளை பசிக்கப் பெரிய காரணம் உடம்புச் சூடு. வெளியே வெயில் அடித்தாலும் பனி பெய்தாலும் உடம்பை 37 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கணும். சாப்பிடுவதில் பெரும்பங்கு அதற்கே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவே கிடையாது. சூட்டை வெயிலிலிருந்தும், சூடான தரையிலிருந்தும் வாங்கிக்கொள்ளும். அதனால் மிகக் குறைந்த தீனியில் மாதக்கணக்கில் ஓட்ட முடிகிறது.

மலைப்பாம்பு வகைகளில் இன்னொரு ஆச்சரியமும் உண்டு. பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கியதும் அதன் வளர்சிதை மாற்ற வேகம் 40 மடங்கு வரை எகிறுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். குடல் பெருக்கிறது, கல்லீரல் பெருக்கிறது. 2005ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, இரை எடுத்த 48 மணி நேரத்தில் இதயத்தின் கீழறைத் தசை 40 சதவீதம் கூடிவிடுவதாகச் சொன்னது. செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும்.

பனியன் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆர்டர் வந்தால் நிட்டிங் முதல் பேக்கிங் வரை எல்லா மெஷினும் ஓடும், ஒன்றரை ஷிப்ட் நடக்கும். ஷிப்மென்ட் போனதும் மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவார்கள். மலைப்பாம்பின் உடம்பும் அப்படித்தான். ஒரு எலி செரித்து முடிப்பதற்குள் அடுத்த எலியை உள்ளே அனுப்பினால் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. செலவழிக்க வழியில்லாத சரக்கு எல்லாம் கொழுப்பாக உள்ளே அடுக்கப்படும்.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை?

உலகம் முழுக்க வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகள் பால் பைத்தானும், மக்காச்சோளப் பாம்பு எனப்படும் கார்ன் ஸ்நேக்கும்தான். இதில் 'பால்' என்பது குடிக்கிற பால் இல்லைங்க, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் வந்த பெயர். சொந்த ஊர் மேற்கு மற்றும் மத்திய ஆப்பிரிக்கா.

முட்டையிலிருந்து வந்த பால் பைத்தான் குட்டி முதல் சட்டையை உரித்த பிறகுதான் இரை தேடும். அதிலிருந்து ஏறக்குறைய ஒரு வயது வரை, 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை இரை கொடுக்கலாம். இரையின் எடை, பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீதம். அதாவது 100 கிராம் குட்டிக்கு 10 முதல் 15 கிராம் எலி. தராசு இல்லாவிட்டால் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. பாம்பின் உடம்பு எந்த இடத்தில் மிகத் தடிமனோ, அந்தத் தடிமனைவிட எலி பெரிதாக இருக்கக்கூடாது.

அரை கிலோவைத் தாண்டியதும் கணக்கு மாறணும். இடைவெளி 10 முதல் 14 நாள். இரை, எடையில் 7 சதவீதம் போதும். வளர்ச்சி முடிந்த பாம்புக்கு, அதாவது ஆண் என்றால் ஒரு கிலோவை ஒட்டி, பெண் என்றால் ஒன்றரை கிலோவை ஒட்டி வந்த பிறகு, 3 வாரம் முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. இரை 5 சதவீதம். ஒன்றரை கிலோ பாம்புக்கு 75 கிராம் எலி. மூன்று வாரத்துக்கு 75 கிராம் என்றால் நம் மனசு ஒப்புக்கொள்ளாது. ஆனால் அந்த உடம்புக்கு அதுதான் முழுச்சாப்பாடு.

கார்ன் ஸ்நேக் கொஞ்சம் சுறுசுறுப்பான பிராணி, ஊர்ந்து தேடி இரை பிடிக்கும் வகை. அதற்கு இடைவெளி சற்றுக் குறைவு. குட்டிக்கு 5 முதல் 7 நாள், வளர்ந்ததற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மந்தமாகப் படுத்தே கிடக்கும் பாம்பு என்றால் மூன்று வாரம். போவா வகைகள் இதற்கு நேரெதிர். வளர்ந்த போவாவுக்கு மாதம் ஒருமுறையே தாராளம்.

இந்த எண்கள் கல்வெட்டு இல்லை. அனுபவசாலிகளுக்குள்ளேயே ஒருவர் 10 நாள் என்பார், இன்னொருவர் 14 என்பார். ஒரே நாளில் பொரித்த இரண்டு குட்டிகளே ஒரு வருடம் கழித்து வேறு வேறு எடையில் நிற்கும். அதனால் பிறந்தநாளைவிட எடையைத்தான் நம்பணும். மாதம் ஒருமுறை தலையணை உறையில் போட்டு எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும், எப்போது இடைவெளியைக் கூட்டணும் என்பது நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எல்லா வயதிலும் ஒரு விஷயம் பொது. பால் பைத்தான் திடீரென்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சாப்பிடாது. சட்டை உரிக்கும் முன்பு சாப்பிடாது. குளிர்காலத்தில், இனப்பெருக்கக் காலத்தில் சாப்பிடாது. புதிதாக வளர்ப்பவர்கள் இங்கேதான் பதறிப்போய் வாயைத் திறந்து ஊட்டப் பார்க்கிறார்கள். வளர்ந்த பாம்பு, எடை பெரிதாக இறங்கவில்லை, தண்ணீர் குடிக்கிறது, மூச்சில் சத்தம் இல்லை என்றால் காத்திருக்கலாம். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவரிடம் போகணும். குட்டி என்றால் இவ்வளவு பொறுமை கூடாது, அதற்குச் சேமிப்பு கிடையாது.

குண்டுப் பாம்பு பார்க்க அழகுதானே, என்ன பிரச்சினை?

நாய் குண்டானால் ஓட முடியாமல் மூச்சு வாங்கும், நமக்குத் தெரிந்துவிடும். பாம்பு எப்போதும் படுத்தேதான் கிடக்கிறது. குண்டாக இருப்பது தெரிவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். கொழுப்பு முதலில் உடம்புக்குள் இருக்கும் கொழுப்புத் திட்டுகளில் சேரும், அங்கே இடம் போதாமல் கல்லீரலுக்குள் இறங்கும். கொழுப்புக் கல்லீரல் நமக்கு மட்டும் வருகிற நோய் இல்லை. பெண் பாம்புகளில் முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்வதற்கும் உடல் பருமன் ஒரு காரணம்.

கண்டுபிடிப்பது எப்படி? ஆரோக்கியமான பால் பைத்தானின் உடம்பு, குறுக்காக வெட்டிப் பார்ப்பதாகக் கற்பனை செய்தால், முனை மழுங்கிய முக்கோணம் மாதிரி இருக்கும். முதுகெலும்பு லேசாகத் தெரியணும். எலும்பு கத்தி மாதிரி துருத்தினால் மெலிவு. முதுகெலும்பு இருக்கும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ, சுருளும்போது தோல் மடிந்தாலோ, இரை எடுக்காத நாளிலும் செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தாலோ, பாம்பு பருத்துவிட்டது என்று அர்த்தம்.

தெரியாமல் குண்டாக்குகிறவர்கள் ஒரு பக்கம். தெரிந்தே குண்டாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெண் பால் பைத்தான் ஒன்றரை கிலோ எடையைத் தொட்டால்தான் முட்டைக்குத் தயார் என்பது தொழிலாக வளர்ப்பவர்களின் கணக்கு. அந்த எடையை இயல்பாக எட்ட மூன்று வருடம் ஆகலாம். அதைச் சுருக்க, குட்டியாக இருக்கும்போதே நாலைந்து நாளுக்கு ஒன்று எனத் தொடர்ந்து திணிப்பார்கள். கறிக்கோழிப் பண்ணைகள் சூழ்ந்த பல்லடம் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்த அவசரம் புதிதாகத் தெரியாது. ஒரே வித்தியாசம், கறிக்கோழியின் வாழ்க்கை சில வாரங்களில் முடிந்துவிடும். பால் பைத்தான் 20, 30 வருடம் அந்த உடம்போடு வாழணும்.

நம் ஊரிலேயே இதைவிட மோசமான ஒரு கதை உண்டு. மண்ணுளிப் பாம்பு. 'இருதலைப் பாம்பு' என்று சொல்லி, அது வீட்டில் இருந்தால் பணம் கொட்டும், வெளிநாட்டில் கோடிக்கு வாங்குவார்கள் என்று நம்பவைத்து நடக்கும் மோசடி தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தியாகிறது. அந்தக் கள்ளச்சந்தையில் எடை கூடக் கூட விலை கூடும். அதனால் எடையை ஏற்றிக் காட்ட இரையை வலுக்கட்டாயமாகத் திணிக்கும் கொடுமையும் நடக்கிறது. அந்தப் பாம்புக்கு இரண்டு தலையும் கிடையாது, கோடியும் கிடையாது. வால் மழுங்கலாக, பார்க்கத் தலை மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

பாம்பு கிழடானால்?

பாம்புக்கு முதுமை வருவது சட்டென்று தெரியாது. தலை நரைக்காது, பல் விழுந்தாலும் புதுப்பல் முளைக்கும். மெதுவாக நகரும், சட்டை உரிப்பது தள்ளிப்போகும், உடம்பில் சதை கரையும். 20 வயதைத் தாண்டிய பால் பைத்தானுக்கும், 15 தாண்டிய கார்ன் ஸ்நேக்குக்கும் இரண்டு பக்கமும் ஆபத்து. பழைய அளவில் கொடுத்தால் செரிக்காது, சிறுநீரகத்துக்குச் சுமை. ரொம்பக் குறைத்தால் இருக்கிற சதையும் போய்விடும். அதனால் பெரிய எலி ஒன்றுக்குப் பதில் சின்ன எலி, இடைவெளியை எடை பார்த்துக் கூட்டுவது குறைப்பது, வருடம் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது என்று வைத்துக்கொள்வது நல்லது. முன்பு நன்றாகச் சாப்பிட்ட கிழப் பாம்பு திடீரென்று நிறுத்தினால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடக்கூடாது.

எவ்வளவு காலம் இருக்கும் என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்கியல் பூங்காவுக்கு 1961ல் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பால் பைத்தான் ஒன்று, 2020 ஜூலையில் 7 முட்டைகள் இட்டது. அப்போது அதன் வயது குறைந்தது 62 என்று பூங்கா கணக்கிட்டது. 15 வருடத்துக்கு மேலாக ஆண் பாம்பையே அது பார்க்கவில்லை. கல்லூரி படிக்கும் வயதில் ஆசைப்பட்டு ஒரு பாம்புக்குட்டி வாங்கினால், பேரன் பேத்திக்கு எழுதி வைக்க வேண்டிய சொத்து அது.

திருப்பூர் வெயிலும் குடோன் எலியும்

இரை அட்டவணையை வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே பின்பற்றுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாம்பின் செரிமானம் முழுக்கச் சூட்டை நம்பியது. பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு மூலை 31 முதல் 33 டிகிரி, இன்னொரு மூலை 25ஐ ஒட்டி இருக்கணும், சாப்பிட்டதும் அது தானே இடம் மாறிச் சூட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் சிமென்ட் ஷீட் கூரை போட்ட வீட்டுக்குள் பெட்டி முழுக்கவே 38 டிகிரி ஆகிவிட்டால் ஒதுங்க இடமே கிடையாது. பாம்பு சாப்பிட மறுக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். மார்கழி, தை இரவுகளில் எதிர்ச்சிக்கல். எலியை விழுங்கிய இரவில் கரண்ட் போய் ஹீட்டர் நின்றுவிட்டால், வயிற்றுக்குள் இரை செரிக்காமல் அழுக ஆரம்பிக்கும். பாம்பு கக்கிவிடும். கக்கினால் உடனே அடுத்த எலி போடக்கூடாது. இரண்டு வாரம் விட்டு, பாதி அளவில் ஆரம்பிக்கணும்.

அடுத்தது எலி. பஞ்சும் நூல் கோனும் கட்டிங் வேஸ்ட்டும் குவிந்திருக்கும் குடோன்களில் எலிக்குப் பஞ்சமில்லை. 'ஓசியில் கிடைக்குதே' என்று பொறியில் சிக்கியதைத் தூக்கிப் பாம்புக்குப் போட்டால் ஆபத்து. துணியைக் கடித்துவிடும் என்று குடோனில் எலி மருந்து வைத்திருப்பார்கள். மருந்து தின்ற எலி சாக நாள் ஆகும், அதற்குள் பொறியில் மாட்டினால் விஷம் பாம்புக்குப் போகும். மருந்து இல்லாவிட்டாலும் ஒட்டுண்ணி, புழு, நோய்க்கிருமி எல்லாம் சேர்ந்து வரும். அதனால்தான் தனியாக வளர்த்து, உறையவைத்த வெள்ளை எலியை வாங்கி, உருகவைத்து, வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். உயிரோடு விட்டால் இன்னொரு பிரச்சினை. பசியில்லாத பாம்பின் பெட்டியில் இரவு முழுக்க எலியை விட்டுவைத்தால், எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். நம்ப முடியாதுதான். ஆனால் கடிபட்ட வளர்ப்புப் பாம்புகள் மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி.

பால் ஊற்றலாமா என்று இன்னமும் கேட்கிறார்கள். கூடாது. பாம்பு பால் குடிக்கிற பிராணி இல்லை. நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் எந்த ஈரத்தையும் குடிக்கும். பண்டிகை நாளில் பிடாரன் கூடையில் நாம் பார்ப்பது அந்தத் தாகத்தைத்தான்.

நம்ம ஊர் சாரைப்பாம்பை வளர்க்கலாமா?

இதற்குப் பதில் ஒரே வரி. முடியாது. சாரை, நல்லபாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு என நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முதல் அட்டவணையில் இருக்கும் மலைப்பாம்பு மாதிரியான இனம் என்றால் 3 முதல் 7 வருடம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உடுமலை, அமராவதி வனப்பகுதியை ஒட்டிய தோட்டத்தில் மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது, 'காப்பாத்தி வளர்க்கறேன்' என்று எடுத்து வந்தாலும் கதை இதுதான்.

பாம்பு பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட இருளர்கள்கூட வளர்ப்பதில்லை. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வனத்துறை அனுமதியோடு பிடித்த பாம்புகளிடம் சுமார் மூன்று வாரம் விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே திரும்ப விட்டுவிடுகிறது.

அப்போ வெளிநாட்டுப் பாம்பு?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வெகுகாலம் வரை வெளிநாட்டு விலங்குகளை வீட்டில் வைத்திருப்பது பற்றி நம் வனவிலங்குச் சட்டம் பெரிதாகப் பேசவில்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவுரை வெளியிட்டது. ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து விவரம் சொல்பவர்களிடம் ஆவணம் கேட்க மாட்டோம் என்றது. பிறகு 2022ல் சட்டமே திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த அந்தத் திருத்தம், சைட்டீஸ் எனப்படும் சர்வதேச வனவிலங்கு வர்த்தக உடன்படிக்கையில் உள்ள இனங்களை நான்காவது அட்டவணையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பால் பைத்தானும் போவாவும் அதில் வருகின்றன. கார்ன் ஸ்நேக் அந்த உடன்படிக்கைப் பட்டியலில் இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும் என்பது அதற்கும் பொருந்தும்.

2024 பிப்ரவரி 28ல் பதிவு விதிகள் வந்தன. நான்காவது அட்டவணை விலங்கை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் 'பரிவேஷ் 2.0' இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்யணும். அந்த அவகாசம் 2024 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வாங்குகிறவர்களுக்கு 30 நாள்தான். குட்டி போட்டாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும், செத்துப்போனாலும் தெரிவிக்கணும். மீறினால் 3 வருடம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க சட்டத்தில் இடமுண்டு.

'பில் இருக்கே' என்பது பலர் சொல்லும் பதில். கடைக்காரர் எழுதிக் கொடுத்த பில், பதிவுச் சான்றிதழ் ஆகாது. விற்பவரிடம் அந்தப் பாம்பு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்குத் திருச்சி விமான நிலையமே சாட்சி. 2023 ஜூலை 30ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் டிராலிப் பையைச் சுங்கத்துறையினர் திறந்தபோது, ஓட்டை போட்ட டப்பாக்களில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை விமான நிலையத்தில், அதே கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பைகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் சிக்கின. 2024 ஏப்ரலில் பெங்களூருவில், பாங்காக்கிலிருந்து வந்தவரிடம் 10 மஞ்சள் அனகோண்டாக்கள்.

கடத்தல்காரர்கள் ஏன் பாம்பை, அதுவும் சின்னச் சின்னதாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்? கிளியைக் கடத்தினால் கத்தும், குரங்கைக் கடத்தினால் சில மணி நேரத்தில் தண்ணீர் வேண்டும். பாம்புக்குட்டி சத்தம் போடாது, நாள்கணக்கில் தீனி கேட்காது. நாம் மேலே பேசிய அதே உடல்கூறு, அதே நிதானப் பசிதான் அவர்களுக்கு முதலீடு. ஆனால் குட்டிகளுக்குத்தான் சேமிப்பே கிடையாது. டப்பாவுக்குள் நீர் வறண்டு, சூட்டில் வெந்து, வழியிலேயே செத்ததெல்லாம் கணக்கில் வராது. பிழைத்து வந்த குட்டி யாருடைய வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்கோ போய்ச் சேரும்போது, அது கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 'வாங்கினதிலிருந்து சாப்பிடவே மாட்டேங்குது' என்ற புகாரில் ஒரு பகுதி இங்கிருந்து ஆரம்பிப்பதாக இருக்கலாம்.

வளர்க்க முடியவில்லை என்றால் நொய்யல் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. அமெரிக்காவின் புளோரிடா சதுப்புநிலத்தில் இன்று பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, சின்னப் பாலூட்டிகளைத் துடைத்துப் போட்டதற்கு ஆரம்பம், வீடுகளிலிருந்தும் விற்பனைக் கூடங்களிலிருந்தும் வெளியேறிய வளர்ப்புப் பாம்புகள்தான். குட்டியாக வாங்கினார்கள், தீனி போட்டே பெரிதாக்கினார்கள், சமாளிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். அவற்றைப் பிடிக்க 2017ல் அங்கே அழைக்கப்பட்டவர்கள் நம் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும். போன சில நாட்களிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

தோழன் கதைக்கு வருகிறேன். நான் சொன்ன பிறகு அவன் பாம்பைத் தலையணை உறையில் போட்டு, கம்பெனியில் நூல் கோன் எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தான். 2 கிலோ 100 கிராம். மருத்துவரிடம் போகச் சொன்னேன். அங்கேதான் தயங்கினான். 2020ல் கடையில் வாங்கிய பில் மட்டும்தான் கையில் இருக்கிறது. பதிவு செய்யணும் என்பதே அவகாசம் முடிந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். "டாக்டர்கிட்ட போனா ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லிடுவாங்களோ" என்று பயம். பாம்புக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை இரை என்ற கேள்வியையும் சட்டத்தையும் தனித்தனியாகப் பேச முடியாது என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான். காகிதம் இல்லாத பாம்புக்கு மருத்துவமும் இல்லாமல் போகிறது. சட்டத்தின் நோக்கம் சரியானதுதான். ஆனால் திருப்பூர் மாதிரி ஊரில் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு இந்த விதி தெரியும்படி யாராவது சொன்னார்களா என்ற கேள்வி எனக்கு இன்னமும் இருக்கிறது. செல்லப்பிராணிக் கடை வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுப் போனான். மருத்துவர் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, இது ஆண், ஆணுக்கு இந்த எடை ரொம்ப அதிகம். இரையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, மூன்று மாதத்தில் படிப்படியாக இடைவெளியைக் கூட்டணும், முதலில் இரண்டு வாரம், பிறகு மூன்று, பிறகு மாதம் ஒன்று, எலியும் பாதி அளவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பெட்டியைப் பெரிதாக்கி, ஏறி இறங்க ஒரு கட்டை வைக்கவும் சொல்லியிருக்கிறார். பதிவு விஷயமாக மாவட்ட வன அலுவலகத்தில் கேட்க ஒரு வக்கீலோடு போவதாக இருக்கிறான். போன சனிக்கிழமை போன் பண்ணினேன். கறி எடுத்தாச்சாம். பாம்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதாம்.